குறை எண் முப்பத்தேழு

ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தான் சுகம், என் முட்டிகள் இரண்டும் மட்டும் சுகமில்லை. படி ஏறும்போதெல்லாம் "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று சத்தம் போட்டு அறிவிக்கின்றன. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் முப்பத்தொன்றோடு அச்சகத்தில் எனக்கு வேலை முடிகிறது. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற காகிதத்தில் பிழை பார்த்தே முப்பத்துநாலு வருஷம் ஓட்டியவள் நான். "தலைசுற்றல், வாந்தி, அரிதாக மரணம்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை படித்துவிட்டு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். போதும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீயும் நானும் அந்தப் படகை வாங்கினபோது என்ன பேசினோம்? நான் ஓய்வு பெற்ற மறு மாதம், கரையே கண்ணில் படாத தூரத்துக்குப் போவதென்று பேசினோம். வருஷத்துக்கு ஒரு தரம் அக்டோபரில் பதினாலு நாள் வந்து, டாக்டர் சொன்னதற்காகப் பூங்காவைச் சுற்றி நடப்பவள் போலக் கரையோரமாகவே போய்த் திரும்பியதெல்லாம் இந்த ஒரு பயணத்துக்காகத்தான்.

ஜனவரி பத்தொன்பது கிளம்புகிறோம். காற்று அப்போதுதான் நம் பக்கம் திரும்பும். பிப்ரவரி போனால் மறுபடி முரண்டு பிடிக்கும். ஏழு நாள் கடல், எட்டாம் நாள் தீவு. மழைச்சட்டை வாங்கிப் போட்டும் பார்த்துவிட்டேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கிறேன். உன் அத்தானையும் ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டேன். "பக்கெட்ல தண்ணி ஆடினாலே எனக்குக் குமட்டும். நீ போ தாயே, நான் கரையில நின்னு கை ஆட்டறேன்" என்றார். கை ஆட்டுவதில் அவருக்கு இருக்கிற உற்சாகம்தான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

பெரியம்மா எப்படி இருக்கிறாள்? முப்பத்தாறு அடி நீளம், நாற்பத்தொரு வயது, அந்த அகல இடுப்பு, அவசரமே தெரியாத நடை. படகுக்கு நாம் வைத்த பெயர் சரியான பெயர்தான். பாய், கயிறு, பம்ப், வால்வு எல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று வரிசையாக எழுது.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? முட்டிக்கு எண்ணெய் போடு. இருபத்தெட்டு வருஷமாகக் கப்பல் இன்ஜின் கழற்றுகிறவன் சொல்கிறேன், முட்டிக்கும் பம்ப்புக்கும் ஒரே வைத்தியம்தான்.

பெரியம்மா பரம சௌக்கியம். கைப்பிடிக் கட்டைகளுக்கு எட்டாவது கோட் வார்னிஷ் முடிந்தது. அதில் முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம். பண்ணினேன். தேக்குத் தளத்தில் இணைப்பு இணைப்பாகப் பழைய தாரைச் சுரண்டிப் புதிதாக அடைத்தேன். முந்தாநாள் விடியற்காலையில் நல்ல மழை. தலைக்கு மேலே கண்ணாடியில் படபடவென்று அடித்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. படுத்தபடியே அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பின் திரியை மாற்றினேன். இப்போது முட்டை மூன்றே நிமிஷத்தில் வேகிறது. பக்கத்துப் படகு பல் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க படகுல தரையில போட்டே சாப்பிடலாம் போலிருக்கே" என்றார். அவர் படகில் தட்டில் போட்டாலும் சாப்பிட முடியாது.

ஒரே ஒரு விஷயம். பாய்மரத்தைத் தாங்குகிற கம்பிகளை மாற்றியாக வேண்டும். அதனால் ஜனவரி கொஞ்சம் சந்தேகம். அவசரப்படாதே.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தம்பி

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நான் சுகமாகத்தான் இருந்தேன், உன் கடிதம் வருகிற வரைக்கும்.

என்னடா கம்பி? எந்தக் கம்பி? பீரோவைத் திறந்து பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் உன் கையெழுத்தில், "கம்பிகள் அத்தனையும் புதிது, இன்னும் பத்து வருஷத்துக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று இருக்கிறது. நான் காகிதத்தைத் தூக்கி எறிகிற ஜாதி இல்லை. நாலு வருஷம் எப்படியடா பத்து வருஷம் ஆகும்? ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அச்சகத்தில் எனக்குப் பிரிவுப் பரிசாகத் திசைகாட்டி தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் வழி பார்க்கவா?

இன்னொன்றும் கேட்கிறேன். பத்தொன்பது வருஷமாக உன் கடிதம் ஒவ்வொன்றும் "அவளும் உன்னைக் கேட்டாள்" என்ற வரியோடுதான் முடியும். போன கடிதத்தில் அந்த வரி இல்லை. மருந்துக் காகிதத்தில் ஒரு வரி விட்டுப் போனால் ஆள் போய்விடுவான். என்ன சமாசாரம்?

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு வருகிற கோபத்துக்கு, நான் வரும்போது நீ திடமாக இருக்க வேண்டும்.

அக்கா

செப்டம்பர் 25

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கையெல்லாம் கிரீஸ்.

அவளுக்கென்ன, நன்றாகத்தான் இருப்பாள். பள்ளிக்கூடச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது. அதனால் எழுதச் சொல்லவில்லை.

கம்பியை விடு. இன்ஜின் தலைப்பாகத்தைக் கழற்றிவிட்டேன். ஒரு மாதிரி சத்தம் வந்தது. உனக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். எப்போது பூட்டுவேன் என்று இப்போது சொல்ல முடியாது. சட்டை வைக்கத் தோதாக இரண்டு தட்டு அடித்தேன். ஜன்னலுக்குத் திரை போட்டேன். உனக்குக் கேலியாக இருக்கும். பதினாலு நாள் வந்து, நான் பளபளவென்று வைத்திருக்கிறதில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறவளுக்கு, மீதி முந்நூற்று ஐம்பத்தொரு நாள் இங்கே என்ன நடக்கிறதென்று தெரியுமா? பித்தளை தானாகவா மின்னுகிறது? நாலு வருஷத்துக்கு முந்தைய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் குறுக்கு விசாரணை பண்ணாதே. எனக்கும் கோபம் வரும்.

இந்த அக்டோபர் வராதே. அடியில் பெயின்ட் அடிக்கப் படகைக் கரையேற்றப் போகிறேன். ஏணி வைத்து ஏற வேண்டும். உன் முட்டிக்கு ஆகாது.

அத்தான் நலமா?

தம்பி

அக்டோபர் 6

தம்பிக்கு,

வராதே என்று எழுதுகிறாயா? என் பாதிப் படகுக்கு என்னையே வராதே என்கிறாயா? எந்தப் பாதி என்னுடையது என்று இன்றுவரை பிரிக்கவில்லை. அந்த ஏணி நிற்கிற பக்கம் என் பாதி என்று வைத்துக்கொள்.

"நன்றாகத்தான் இருப்பாள்" என்றால் என்ன அர்த்தம்? ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவளைப் பற்றி எழுதுகிற பேச்சா இது? உன்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவளுக்கே எழுதிவிட்டேன்.

முட்டி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் போட்டேன். வழுக்கி விழுந்தேன்.

அக்கா

அக்டோபர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம். என் இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்று கேட்டிருந்தீர்கள். விசேஷம்தான். உங்கள் தம்பி ஏப்ரலிலிருந்து இந்த வீட்டில் இல்லை. என் சக்களத்தியோடு குடித்தனம் நடத்துகிறார். நீங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறீர்களே, அவளுக்கு நான் வைத்த பெயர் அதுதான். முதலில் உங்களிடம் மறைத்தது அவர். கேட்கிற வரைக்கும் சொல்லாமல் இருந்தது நான். ஏனென்றால் எனக்கு உங்கள் மேலேயும் கோபம். காரணம் கடைசியில் வரும்.

அந்தப் படகுக்கு ஒரு பராமரிப்பு நோட்டு உண்டே, அதில் நாலு கட்டம்: தேதி, குறை, செய்தது, அடுத்து எப்போது. எந்த ஸ்க்ரூவை எந்தக் கிழமை திருகினார் என்று அதில் இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் கடையில் அதே மாதிரி ஒரு நோட்டு வாங்கினேன். அதே நாலு கட்டம் போட்டேன். மேலே "வீடு" என்று எழுதினேன். குறை எண் ஒன்று: சமையலறைக் குழாய் சொட்டுகிறது. சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்" என்றார். எழுதிக்கொண்டேன். அண்ணி, ஒரு குழாய்க்கு வாஷர் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கப்பல் இன்ஜின் மெக்கானிக்குக்கு?

இப்போது குறை எண் இருநூற்றுப் பதினாலில் நிற்கிறது. "செய்தது" என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. முப்பத்தேழு: காலிங் பெல் அடிக்கவில்லை. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் பழகிப்போய் ஜன்னலைத் தட்டுகிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு: குளியலறைத் தாழ்ப்பாள் விழாது. உள்ளே ஆள் இருப்பது தெரியப் பாட்டுப் பாட வேண்டும். இருமல் வந்தபோது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நூற்று அறுபது: கூடத்துக் கூரையில் ஒழுகல்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு பேய் மழை. கூரைப் பூச்சு பெயர்ந்து என் தையல் மெஷின் மேலே, அதில் அடுக்கி வைத்திருந்த முப்பத்திரண்டு சீருடைப் பாவாடைகள் மேலே விழுந்தது. "என்னங்க!" என்று கத்தினேன். ஓடி வந்தார். வீட்டில் இருந்த ஒரே தார்ப்பாயை எடுத்தார். நானும் நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்து மெஷினைப் பிடித்து நகர்த்தினேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தார்ப்பாயோடு துறைமுகத்துக்குப் போய்விட்டார்! அவளுக்கு மேல் மூடி ஈரமாகிவிடுமாம்!

சாயந்தரம் திரும்பி வந்தவரிடம், "போங்க, அவகிட்டயே போய் இருங்க" என்றேன். எந்தப் பெண்டாட்டியும் கோபத்தில் சொல்கிறதுதானே? "இல்லம்மா, தப்பு" என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். "சரி" என்றார். விசில் அடித்துக்கொண்டே பெட்டி கட்டினார் அண்ணி. விசில்! வாசலில் நிறுத்தி வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். இத்தனை மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வாசல் பக்கம் வந்து எட்டிப் பார்க்கவில்லை அந்த மனுஷன்.

உங்கள் மேலே என்ன கோபம் என்று சொல்கிறேன். நாலாவது கட்டத்துக்குப் பக்கத்தில் நானாக ஒரு கட்டம் போட்டேன், "ஏன் செய்யவில்லை" என்று. இருநூற்றுப் பதினாலில் அறுபத்தொரு இடத்தில் அங்கே இருப்பது இரண்டே வார்த்தை: "அண்ணி கடிதம்." சட்டைப் பையில் உங்கள் கடிதத்தோடு வருவார். "அக்கா பம்ப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கா" என்பார். அந்த ஞாயிறு போச்சு.

நோட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள்தான் பிழை பார்க்கிறவர் ஆச்சே, பாருங்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி

நவம்பர் 4

தம்பி என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

ஏழு மாதம்! ஏழு மாதமாக என்னிடம் வார்னிஷைப் பற்றி எழுதியிருக்கிறாய். படுத்தபடியே மழை பார்த்தானாம். மூன்று நிமிஷத்தில் முட்டை வெந்ததாம். சட்டைக்குத் தட்டு அடித்தானாம். முப்பத்துநாலு வருஷம் பிழை பார்த்தவள், இவ்வளவையும் படித்துவிட்டு "படகை நன்றாக வைத்திருக்கிறானே" என்று பூரித்துப் போனேன். அச்சகத்தில் என்னை இன்னும் வைத்திருந்தது அவர்கள் செய்த தர்மம்.

இப்போது புரிகிறது உன் கம்பியும் இன்ஜின் சத்தமும். படகு கிளம்பினால் உனக்குப் படுக்க இடமில்லை. அதனால் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் மேல் பாயை விரித்துப் படுத்திருக்கிறாய். என் பயணம் உனக்கு வாடகையில்லாத வீடா?

ஆறு வருஷமாக வீட்டுக் குறைகளை அவள் எழுதி வைத்திருக்கிற நோட்டை எனக்கு அனுப்பியிருக்கிறாள், முழுக்கப் படித்தேன். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்துக் காகிதத்தில் "அரிதாக மரணம்" என்று படித்துவிட்டுச் சாப்பிட்டவளுக்கு, "குளியலறைத் தாழ்ப்பாள், பாட்டுப் பாட வேண்டும்" என்பதைப் படித்துச் சாப்பிட முடியவில்லை. அறுபத்தொரு இடத்தில் என் பெயர் இருக்கிறது. அந்தப் பங்கை நான் ஒத்துக்கொள்கிறேன். பம்ப்பைப் பார் என்று எழுதினவள் நான்தான். வீட்டுக் குழாயைப் பார்க்காதே என்று நான் எழுதினேனா? எந்தக் கடிதத்தில்? காட்டு!

விசில் அடித்துக்கொண்டே பெட்டி கட்டினாயாமே, அதற்கப்புறம் ஒரு தரமாவது போய் அவளைப் பார்த்தாயா? ஆமாம், இல்லை என்று பதில் எழுது. இடையில் வார்னிஷ் வரக் கூடாது.

அக்கா

நவம்பர் 30

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான்.

அவள் என்னைப் பற்றி நோட்டுப் போட்டு எழுதினாளா? ஆறு வருஷமாகவா? அதை நீ வேறு வரி வரியாகப் படித்தாயா? நல்ல குடும்பம்.

ஆமாம், விசில் அடித்தேன். அழுகிற மாதிரி வந்தால் எனக்கு விசில்தான் வரும். உனக்குத் தெரியுமே. அப்பா செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் விசில் அடித்து அடி வாங்கவில்லையா? அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

பார்த்தாயா என்று கேட்கிறாய். போனேன். போகாமல் இருப்பேனா? மே மாதம் ஒரு ஞாயிறு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் நின்று பெல் அடித்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் இருக்கிறாள். மறுபடி அடித்தேன். மெஷின் நிற்கவே இல்லை. சமையலறைக் குழாய் சொட்டுவதுகூடத் தெருவுக்குக் கேட்டது, எனக்கென்று கேட்டதோ என்னவோ. பத்து நிமிஷம் நின்றேன். அடித்த பெல்லுக்குத் திறக்காதவளிடம் நான் என்ன பேசுவது? எனக்கும் மானம் இருக்கிறது. திரும்பி வந்துவிட்டேன். அதற்கு மேல் என்னை எதுவும் கேட்காதே.

இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. நீ சொன்னது சரிதான். பூட்டிவிடுகிறேன். நீ வந்து எடுத்துக்கொண்டு போ. நான் ஒர்க்‌ஷாப்பில் படுத்துக்கொள்கிறேன்.

தம்பி

டிசம்பர் 7

அடேய்,

உனக்கு நலம் ஒரு கேடா!

குறை எண் முப்பத்தேழு! உன் பெண்டாட்டி நோட்டில், அவள் கையெழுத்தில், அப்படியே எழுதுகிறேன்: "காலிங் பெல் அடிக்கவில்லை. சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றார்." ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி! நீ ரிப்பேர் பண்ணாத பெல்லை நீயே அழுத்திவிட்டு, அவள் திறக்கவில்லை என்று நீயே மானஸ்தனாகத் திரும்பி வந்திருக்கிறாய்! நீ வரவே இல்லை என்று அங்கே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாவாடை தைக்கிறாள்! உன் கடிதத்தையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பதா, வந்து உன்னை நாலு சாத்துச் சாத்துவதா என்று தெரியவில்லை. உன் அத்தான் சிரித்தே புரையேறித் தண்ணீர் குடிக்கிறார்.

கப்பலில் எங்கேயோ அடித்தட்டில் ஒரு நட்டு தளர்ந்தால் உன் காதில் விழும். உன் வீட்டு பெல் அடிக்காதது விழாதா?

நான் அவளுக்கு எழுத மாட்டேன். இது உன் வேலை. வருகிற ஞாயிறு ஸ்க்ரூ டிரைவர், வயர், ஒரு ஸ்டூல் எடுத்துக்கொண்டு போ. ஜன்னலைத் தட்டாதே. கூப்பிடாதே. வாசலில் நின்று பெல்லைச் சரி பண்ணு. பிறகு அடி.

அக்கா

டிசம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? முட்டி தேவலையா?

போன ஞாயிறு காலை பத்து மணி. பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே "டிர்ர்ர்" என்று ஒரு சத்தம். மெஷின்தான் வெடிக்கிறது என்று எழுந்து ஓடினேன். ஐந்து வருஷமாயிற்றே, நம் வீட்டு பெல் சத்தம் எனக்கே மறந்துவிட்டது. கதவைத் திறந்தால், ஸ்டூல் மேல் உங்கள் தம்பி. வாயில் ஸ்க்ரூ டிரைவர். எதுவும் பேச முடியாத நிலைமை. பேசியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.

அதை எடுத்துவிட்டு, "முப்பத்தேழு முடிஞ்சுது" என்றார்.

"ஒண்ணு முடியலையே" என்றேன்.

"வாஷர் கொண்டு வந்திருக்கேன்."

"ஆறு வருஷம் கழிச்சா?"

"திட்டு. குழாயை மாத்திக்கிட்டே கேக்கறேன்."

மாற்றினார். நானும் நிறுத்தாமல் திட்டினேன். நாலு நிமிஷம்தான் ஆனது அண்ணி, குழாய்க்கு. எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாருங்கள்: செய்யாமல் இருந்தபோதுகூட இவ்வளவு வரவில்லை. நாலே நாலு நிமிஷ வேலைக்கா ஆறு வருஷம்!

மே மாதமே வந்து பெல் அடித்தேன் என்கிறார். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம்பிக்கை வருகிற மாதிரி இதுவரை அவர் எதுவும் செய்ததில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டேன். ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு குறை பாக்கி. அது முடிகிற வரை அவர் இந்த வீட்டைத் தாண்டக் கூடாது. கடலாவது, தீவாவது! அதனால் உங்கள் பயணம் கெட வேண்டாம். அவருக்குப் பதில் நான் வருகிறேன். படகில் ஆறு தரம் வந்திருக்கிறேன், ஒரு தரம்கூட வாந்தி எடுத்ததில்லை. மெத்தை உறை, பாய் உறை எல்லாம் நான் தைத்ததுதான். பாய் கிழிந்தாலும் தைப்பேன். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு மட்டும் நடந்த ராஜ உபசாரத்தை நானும் ஒரு ஏழு நாள் அனுபவித்துப் பார்க்க வேண்டாமா?

ஜனவரி முதல் வாரமே வந்துவிடுங்கள். சொல்லிக் கொடுங்கள்.

தம்பி பெண்டாட்டி

ஜனவரி 28

தம்பிக்கு,

தீவிலிருந்து அக்கா. இருவரும் சுகம். என் முட்டிகள்கூட சுகம். கடலில் படியே இல்லையே.

நேற்று முன்தினம் வந்து சேர்ந்தோம். ஏழு நாளில் ஒரு கயிறு நழுவவில்லை, ஒரு வால்வு கசியவில்லை. மூன்றாம் நாள் காற்று ஒரு பிடி பிடித்தது. பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாக ஏறி இறங்கினாள். காற்றைப் பார்த்துத் தானே சுக்கான் பிடிக்கிற அந்தக் கருவியும், நீ பண்ணி வைத்தபடி, எங்களை நம்பாமல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. உன் பெண்டாட்டியின் கோபம் நாளுக்கு நாள் ஏறியதற்குக் காரணமே இதுதான். எதைத் தொட்டாலும் சரியாக வேலை செய்தது. தாழ்ப்பாளைப் போட்டாள், விழுந்தது. குழாயைத் திருகினாள், நின்றது. "பாருங்க அண்ணி, பாருங்க" என்று பல்லைக் கடித்தாள். "செய்யத் தெரியாதவன்னாகூட மன்னிச்சிருப்பேன்."

ஐந்தாம் நாள் படகு நோட்டை எடுத்துப் படிக்க உட்கார்ந்தாள். ஏப்ரலுக்குப் பிந்திய பக்கங்கள் வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நீ ஒரு தரம் போனதாகத்தானே எனக்கு எழுதினாய்? "ஞாயிறு. வீட்டுக்குப் போனேன். பெல் அடித்தேன். திறக்கவில்லை. திரும்பி வந்து பித்தளை பாலிஷ்." அடுத்த ஞாயிறும். அதற்கடுத்ததும். கைப்பிடி வார்னிஷ், ஏழாவது கோட். எட்டாவது கோட். எண்ணினாள். பதினாலு ஞாயிறு.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஜன்னலைத் தட்டியிருக்கலாமே, அறிவு கெட்ட மனுஷன்" என்றாள். அப்புறம் விசில் அடித்தாள். நான் உன் விசில் சமாசாரத்தை அவளிடம் சொல்லியிருந்தேன். தப்பாக நினைக்காதே.

காற்று சரியாக இருந்தால் இருபதாம் தேதி திரும்பக் கிளம்புவோம்.

அவளும் உன்னைக் கேட்டாள்.

அக்கா

பிப்ரவரி 9

வீட்டுக்காரிக்கு,

இருபத்தொரு வருஷத்தில் உனக்கு எழுதுகிற முதல் கடிதம். தப்பு இருந்தால் அக்காவிடம் திருத்திக்கொள். நான் நலம். இடது கட்டைவிரலில் சுத்தியல் பட்டது, அது நலமில்லை. நீ கடலில் சளி பிடிக்காமல் இருந்தாயா?

இதுவரை தொண்ணூற்று மூன்று குறை முடிந்தது. உன் நோட்டின் மேல் எனக்கு ஏகப்பட்ட கோபம். "கதவு கிரீச்" என்று ஒரு குறை எழுதியிருக்கிறாய், எந்தக் கதவு என்று எழுதவில்லை. எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டேன். இப்போது பீரோகூட யாரும் தொடாமலே திறந்துகொள்கிறது. கூரைப் பூச்சு மூன்று தரம் பூசி மூன்று தரமும் என் தலையில் விழுந்தது. நாலாவது நின்றிருக்கிறது. வியாழக்கிழமை மழை பெய்தது. உன் மெஷின் இருக்கிற இடத்தில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிறது. பழக்க தோஷத்தில் இன்னும் பாடிக்கொண்டுதான் குளிக்கிறேன்.

நேற்று ஞாயிறு. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெல்லை அடித்துப் பார்த்தேன். தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது. ஒரு மாதிரிப் பழக்கத்தில் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் சாவி உள்ளே இருப்பது ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தேன்.

உன் நோட்டை அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். இருநூற்றுப் பதினைந்தை நானே எழுதிவிட்டேன். குறை: பெல் நன்றாக அடிக்கிறது, திறக்க ஆளில்லை. "செய்தது" என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.